மர வேலிக்கு எவ்வளவு ஆகும்? டல்லாஸ் பக்கம் முதல் வீடு வாங்கியவர்களுக்கு

டல்லாஸுக்கு வடக்கே ஃப்ரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி என்று எந்த ஊரில் வீடு வாங்கினாலும், ஒன்றிரண்டு வருடத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: "உங்க வேலிக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" பில்டர் போட்டுக் கொடுத்த வேலி சாய்ந்திருக்கும், அல்லது காற்றில் ஒரு பக்கம் படுத்திருக்கும், அல்லது வாங்கிய பழைய வீட்டின் வேலியில் கை வைத்தாலே பலகை உதிரும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளை வைத்துப் போட்டால், ஆறடி உயரத்தில் உள்ளே தெரியாத மர வேலிக்கு, ரன்னிங் அடிக்கு, அதாவது வேலி நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும், 25 முதல் 45 டாலர் வரை ஆகும். எங்கள் தெருவிலும் நண்பர்கள் வீடுகளிலும் சமீபத்தில் கொடுத்த விலை இது. கொல்லைப்புறம் மூன்று பக்கமும் சேர்த்து 150 அடி என்று வைத்துக்கொண்டால் 3,750 முதல் 6,750 டாலர். நீங்களே போட்டால் பொருள் செலவு மட்டும், அடிக்கு 17 முதல் 22 டாலர்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் பேரம் பேசாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். நான்கு கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே மலிவான ஆளைப் பிடித்தேன். பலகை அழகாக இருந்தது, வேலை ஒரே நாளில் முடிந்தது. இரண்டாவது வசந்தகாலப் புயலில் பின்பக்க வேலி நாற்பது அடிக்கு அப்படியே பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டது. விழுந்த கம்பத்தைப் பிடுங்கிப் பார்த்தால், குழி ஒன்றரை அடி ஆழம்கூட இல்லை. அடியில் ஒட்டியிருந்த கான்கிரீட் ஒரு பானை அளவு. கான்ட்ராக்டரின் எண்ணுக்கு அடித்தால், அந்த எண் உபயோகத்தில் இல்லை. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதை என்பார்களே, எனக்கு அது வேலி விஷயத்திலேயே நடந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் பலகையைவிடக் குழியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் காகிதம்

வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட கட்டுக்குள் சர்வே வரைபடம் ஒன்று இருக்கும். அதைத் தேடி எடுங்கள். எல்லை எங்கே ஓடுகிறது, மின்சாரம், தண்ணீர் நிறுவனங்களுக்கென்று விட்ட ஈஸ்மென்ட் எத்தனை அடி என்பதெல்லாம் அதில் இருக்கும். ஈஸ்மென்டில் வேலி போடப் பெரும்பாலும் விடுவார்கள். ஆனால் நாளைக்கு அவர்கள் குழாயைத் தோண்ட வேண்டும் என்றால் வேலியைப் பிரித்துப் போடலாம், திருப்பிக் கட்டித் தர வேண்டும் என்று கட்டாயம் இருக்காது. பழைய வேலி நிற்கிற இடம்தான் எல்லை என்று நம்பவும் வேண்டாம். ஓரடி தள்ளிப் போட்ட வேலிகள் நிறைய உண்டு. வரைபடம் கிடைக்காவிட்டால் புது சர்வேக்குச் சில நூறு டாலர் ஆகும். எல்லையில் சந்தேகம் இருந்தால் அந்தக் காசைச் செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது குடியிருப்போர் சங்கம், எல்லோரும் சொல்வதுபோல் எச்.ஓ.ஏ. உயரம், மர வகை, சாயத்தின் நிறம், நல்ல முகம் (பலகை மட்டும் தெரியும் பக்கம்) எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது வரை அவர்கள் விதியில் இருக்கும். விண்ணப்பம் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும். நகராட்சி பர்மிட் ஊருக்கு ஊர் மாறும். நகரத்தின் கட்டட அனுமதி அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். மூலை மனை என்றாலும், நீச்சல் குளம் இருந்தாலும் கட்டாயம் கேளுங்கள். மூலை மனையில் வண்டி ஓட்டுபவர் பார்வையை மறைக்கக் கூடாது. குளம் இருந்தால் கேட் தானாக மூடித் தானாகத் தாழ் விழ வேண்டும்.

811

தோண்டுவதற்கு முன் இந்த மூன்று இலக்க எண்ணைக் கூப்பிடுவது சட்டம். அமெரிக்கா முழுக்க 2007 முதல் இதே எண்தான், காசு கிடையாது. இரண்டு மூன்று வேலை நாள் முன்னதாகச் சொன்னால் ஆட்கள் வந்து, மண்ணுக்குள் குழாயும் ஒயரும் ஓடும் இடங்களைக் காட்டத் தரையில் சாயம் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, ஆரஞ்சு இன்டர்நெட்டும் தொலைபேசியும், நீலம் குடிநீர், பச்சை சாக்கடை. கான்ட்ராக்டர் கூப்பிடுவார் என்றாலும், கூப்பிட்டாரா என்று கேளுங்கள். புல்லில் சாயம் தெரியாமல் யாரும் துளை போட வந்தால் நிறுத்துங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவர்கள் குறிப்பது நிறுவனங்களின் குழாய்களை மட்டுமே. உங்கள் ஸ்பிரிங்க்ளர் குழாய், அடுப்புக்காகக் கொல்லைக்கு இழுத்த எரிவாயுக் குழாய், குளத்தின் ஒயர் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஸ்பிரிங்க்ளர் தலைகள் வேலி ஓரமாகவே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி நட்டு வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

மூன்று பக்க வேலி என்றால் பெரும்பாலும் மூன்று பக்கத்து வீட்டுக்காரர்கள். செலவைப் பாதி பாதி போட்டுக்கொண்டால் 5,000 டாலர் வேலை 2,500-க்கு முடியும். ஆனால் டெக்சாஸில் அவர் பாதி கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினர் "எங்க ஊர்ல ரெண்டு பேரும் சமமாத்தான் கொடுக்கணும்" என்பார். அங்கே 2013-இல் வந்த சட்டப்படி 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்தால் எல்லை வேலிச் செலவு சரிபாதி என்பதே பொது விதி. இங்கே அந்த வேலை ஆகாது. பேசித்தான் ஆக வேண்டும்.

கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், வாங்கிய பிறகு அல்ல. எல்லாம் முடிவு செய்துவிட்டுப் பாதிக் காசு கேட்டால் யாருக்கும் முகம் சுளிக்கும். "வேலி மோசமாகிவிட்டது, சேர்ந்து பார்க்கலாமா, உங்களுக்குத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். இல்லை என்றாலும் கோபப்படாதீர்கள். வேலியை உங்கள் பக்கம் சில அங்குலம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். ஒத்துக்கொண்டால் தொகை, மர வகை, நல்ல முகம் எவர் பக்கம் என்ற மூன்றையும் ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். ஒத்துக்கொண்டவர் வேலை தொடங்குவதற்குள் வீட்டை விற்றுவிட்டுப் போன சம்பவம் எங்கள் தெருவிலேயே நடந்தது.

குழியும் கம்பமும்

இப்போது விஷயத்துக்கு வருவோம். டல்லாஸைச் சுற்றியுள்ள பெரும்பகுதி கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே குணம்தான். மழையில் ஊறி உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வருடா வருடம் இந்த மண் கம்பத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, இடைவெளி இல்லாத வேலி காற்றுக்கு ஒரு கப்பல் பாய். எட்டடி அகலம் ஆறடி உயரம் என்றால் ஒரு பகுதி 48 சதுர அடி. புயல் காற்றின் அத்தனை தள்ளலையும் தாங்குவது மண்ணுக்குள் இருக்கும் அந்த இரண்டு இரண்டரை அடிதான்.

மரக் கம்பம் இந்த மண்ணில் தரைமட்டத்தில்தான் அழுகும். மேலே பார்த்தால் நன்றாக இருக்கும், ஈரமும் காற்றும் சேரும் அந்த இடத்தில் மட்டும் பஞ்சாகியிருக்கும். அதனால்தான் இந்தப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பம் போடுகிறார்கள்: இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான, சரியாகச் சொன்னால் 2 அங்குலமும் எட்டில் மூன்றும் விட்டமுள்ள உருளைக் குழாய். இதற்கு ஆகும் கூடுதல் செலவைப் பாருங்கள். மரக் கம்பம் ஒன்று 12 டாலர் என்றால் இருபதுக்கு 240. இரும்புக் கம்பம் 25 டாலர் என்றால் 500, அதோடு பலகைகளைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் பிராக்கெட் கம்பத்துக்கு மூன்று வீதம் அறுபது, அதற்கு ஒரு 150. வித்தியாசம் 410 டாலர். 150 அடி வேலியில் அடிக்கு மூன்று டாலர்கூட இல்லை. வேறு எதில் வேண்டுமானாலும் கை வையுங்கள், இதில் வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி, அதாவது முடைந்த தென்னோலை வேலி, பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். மறைப்புக்கு அதைவிட நல்ல வேலி ஏது? கிடுகு மட்கினால் வேலி அடைப்பார்கள், ஆனால் கிளுவையும் பூவரசும் நட்ட கதியால், அதாவது உயிர்க் கம்பம், அப்படியே நிற்கும். இங்கேயும் அப்படித்தான். பதினைந்து வருடம் கழித்துப் பலகை போனாலும் இரும்புக் கம்பம் நின்றால், அடுத்த வேலிக்குப் பலகைக் காசு மட்டும்தான்.

குழி பத்து அங்குல அகலம், இரண்டரை அடி ஆழம் கேளுங்கள். அதை நிரப்ப 80 பவுண்டு கான்கிரீட் மூட்டை இரண்டு வேண்டும். அப்போதும் மேலே ஒன்றிரண்டு அங்குலம் மிஞ்சும், அது மண் போட. ஒரே மூட்டை என்று ஒருவர் சொன்னால், குழி பாதிகூட நிறையாது என்று அர்த்தம். எட்டடிக் கம்பத்தில் இரண்டரை அடி உள்ளே போனால் மேலே ஐந்தரை அடிதானே என்று கேட்கலாம். இரும்புக் கம்பத்தில் பலகை கம்பத்துக்கு மேல் ஆறங்குலம் நீட்டிக்கொண்டிருக்கலாம், ஒன்றும் ஆகாது. கம்பத்தின் தலை வெளியே தெரிய வேண்டும் என்கிற மர வேலியில்தான் நீளமான கம்பம் வாங்க வேண்டியிருக்கும்.

குளிர் மாநிலத்தில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே மண் உறையும் ஆழத்துக்குக் கீழே குழி போக வேண்டும். மின்னசோட்டாவில் அது மூன்றரை அடிக்கும் மேல், ஆக குழிக் கூலியும் கான்கிரீட்டும் அந்த அளவுக்குக் கூடும்.

பலகை

இரண்டு வகைதான் நம் பட்ஜெட்டில் வரும். அழுகாமல் இருக்க மருந்தேற்றிய பைன் மலிவு. ஈரமாகவே வரும், காய்ந்தால் சுருங்கும், முறுக்கும், பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி விழும். சீடார் விலை கூடுதல், ஆனால் தானாகவே அழுகலைத் தாங்கும், நேராகவும் நிற்கும். சீடாருக்குச் சாதாரண ஆணி அடித்தால் ஒவ்வொரு ஆணியிலிருந்தும் கறுப்புக் கண்ணீர் வடியும். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. மருந்தேற்றிய பைனிலோ, மருந்தில் உள்ள செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும். இரண்டுக்கும் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணி, அல்லது வெளிவேலைக்கான திருகாணி.

குறுக்குச் சட்டம் மூன்று இருக்க வேண்டும். இரண்டு சட்டத்தில் ஆறடிப் பலகை ஒரே கோடையில் நெளிந்துவிடும். அடியில் ஒரு மருந்தேற்றிய பலகையைப் படுக்கவைத்துப் போடச் சொன்னால் நிற்கும் பலகைகள் மண்ணைத் தொடாது. எது முதலில் அழுகினாலும் அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

பலகை மேல் பலகை ஏற்றிப் போடும் முறை ஒன்று உண்டு. மரம் சுருங்கினாலும் இடுக்கு தெரியாது. பலகை எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும், கூலியும் கொஞ்சம் ஏறும். பக்கத்து வீட்டு ஜன்னல் நேராக உங்கள் கொல்லையைப் பார்த்தால் அந்தப் பக்கம் மட்டும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். மூன்று பக்கமும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

150 அடிக்கு ஒரு கணக்கு

கம்பங்களுக்கு நடுவே எட்டடி. 150-ஐ எட்டால் வகுத்தால் 19 பகுதி, ஆக 20 கம்பம். மூலை, கேட் என்று வந்தால் ஒன்றிரண்டு கூடும். ஒரு பலகையின் உண்மையான அகலம் ஐந்தரை அங்குலம். 1,800 அங்குலத்தை அதால் வகுத்தால் 328 பலகை. உடைந்தது, வளைந்தது போக 350 வாங்குங்கள். சட்டம் பகுதிக்கு மூன்று வீதம் 57, அறுபதாக வைத்துக்கொள்ளலாம். கான்கிரீட் நாற்பது மூட்டை. திருகாணி பலகைக்கு ஆறு வீதம் இரண்டாயிரம்.

சீடார் பலகை நாலரை டாலர் என்றால் 1,575. கம்பமும் பிராக்கெட்டும் 650. சட்டம் 300. கான்கிரீட் 240. திருகாணி 100. கேட்டுக்கான சட்டகம், கீல், தாழ்ப்பாள் 150. மொத்தம் 3,015 டாலர், விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்தால் 3,260-ஐத் தாண்டும். பைன் போட்டால் பலகையில் அறுநூறு டாலர் குறையும். மரத்தின் விலை மாதத்துக்கு மாதம் ஆடும், அதனால் என் விலையை எடுத்துவிட்டு உங்கள் பக்கத்துக் கடை விலையை இதே கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது யாராவது 150 அடிக்கு இரும்புக் கம்பம், சீடார், கூலி எல்லாம் சேர்த்து 3,000 டாலர் என்று சொன்னால், எங்கேயோ எதையோ விழுங்கப்போகிறார் என்று உங்களுக்கே தெரியும்.

கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டியது

வேலி போடுபவர்களுக்கு டெக்சாஸ் மாநில உரிமம் என்று ஒன்று கிடையாது. ஒரு பிக்கப் வண்டியும் துளைக்கருவியும் இருந்தால் யாரும் கான்ட்ராக்டர்தான். அதனால் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், மூன்று வருடத்துக்கு முன் அவர் போட்ட வேலி ஒன்றின் முகவரி கேட்டு நேரில் போய்ப் பாருங்கள். புது வேலி எல்லாமே நேராகத்தான் நிற்கும்.

கம்பத்தின் வகையும் கனமும், குழியின் ஆழமும் அகலமும், குழிக்கு எத்தனை மூட்டை, எத்தனை சட்டம், எந்த ஆணி: இவை ஒவ்வொன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பழைய வேலியைப் பிரித்து அள்ளிப் போக அடிக்கு மூன்று முதல் ஐந்து டாலர் தனியாகக் கேட்பார்கள். அதில் பழைய கான்கிரீட் கட்டியைப் பிடுங்குவதும் சேர்த்தியா என்று கேளுங்கள். ஒருவர் நடந்துபோகும் கேட் 200 முதல் 400 டாலர். வண்டி போகும் இரட்டைக் கேட் அதைப்போல் இரண்டு மடங்கு. சுண்ணாம்புப் பாறை தட்டுப்பட்டால் குழிக்கு எவ்வளவு கூடுதல் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். டல்லாஸுக்கு மேற்கேயும் ஆஸ்டின் பக்கமும் இது அடிக்கடி வரும்.

முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க வேண்டாம். குழி தோண்டும் நாளில் வீட்டில் இருங்கள். கையில் ஒரு டேப் எடுத்துக்கொண்டு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் நாலைந்து குழியில் விட்டுப் பாருங்கள். அவர்கள் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

புயல் அடித்து ஒரு வாரம் கழித்து ஆள் தேடாதீர்கள். ஊரே தேடிக்கொண்டிருக்கும். டிசம்பர், ஜனவரியில் கேட்டால் விலையும் இறங்கும், ஆளும் நின்று பேசுவார். "புயலில் விழுந்தால் இன்சூரன்ஸ் தரும்" என்ற நம்பிக்கையும் வேண்டாம். காற்று, ஆலங்கட்டிக்கு இங்கே பாலிசிகளில் நாம் போட வேண்டிய பங்கு பெரும்பாலும் வீட்டின் காப்புத் தொகையில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம். நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் 8,000. வேலியே அவ்வளவு இல்லையே.

நீங்களே போடுவதாக இருந்தால்

முடியும். ஆனால் நாற்பது மூட்டை கான்கிரீட் என்பது 3,200 பவுண்டு, அதாவது 1,450 கிலோ. கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள், உங்கள் கார் தாங்காது. துளைக்கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் நூறு டாலர் பக்கம் வரும். இரண்டு பேர் பிடிக்கும் கருவியை எடுங்கள். காய்ந்த கரிசலில் கருவி ஆளையே சுற்றிவிடும், எனவே மழை பெய்து மூன்று நான்கு நாள் கழித்துத் தோண்டுங்கள்.

முதலில் நான்கு மூலைக் கம்பங்களை நட்டு, நடுவே நூல் கட்டுங்கள். நம் ஊர்க் கொத்தனார் நூல் பிடிக்கும் அதே வேலைதான். ஒவ்வொரு கம்பத்தையும் ரசமட்டம் வைத்து இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கான்கிரீட். குழியின் அடியில் கொஞ்சம் ஜல்லி. கான்கிரீட்டின் மேல்முகத்தைக் கம்பத்திலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இழைத்துவிட்டால் தண்ணீர் தேங்காது. ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அன்றே பலகை அடிக்கும் ஆசை வரும், வேண்டாம். பலகைக்கும் தரைக்கும் இரண்டு அங்குலம் விடுங்கள், மழைநீர் ஓட வழி அதுதான். கொல்லையில் தண்ணீர் வடியும் பள்ளத்தை வேலி அடைத்துவிட்டால் அடுத்த சண்டை பக்கத்து வீட்டுக்காரரோடு.

வாரக்கடைசி மட்டும் வேலை செய்யும் இரண்டு பேருக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும்.

சாயம் அடிப்பதை மறந்துவிடாதீர்கள். சீடாரானால் சில வாரத்தில் அடிக்கலாம், ஈரப் பைன் நன்றாகக் காய்ந்த பிறகு. பலகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உறிஞ்சினால் தயார். 150 அடி வேலியின் ஒரு முகம் மட்டுமே 900 சதுர அடி. சொரசொரப்பான பலகையில் ஒரு கேலன் 150 முதல் 200 சதுர அடிக்கு மேல் வராது, ஆக ஐந்தாறு கேலன், இருநூறு டாலருக்கு மேல். அடித்த மறுநாள், ஸ்பிரிங்க்ளரை ஒரு முறை ஓடவிட்டு வேலியில் எங்கெல்லாம் தண்ணீர் அடிக்கிறது என்று பாருங்கள். அந்தத் தலைகளைப் புல் பக்கம் திருப்பிவிடுங்கள். ஒரு சின்னத் திருப்புளி போதும்.